கோஹிமா மலையில் இரண்டு நாள்

இரண்டு நாளும் நடுவில் எழுந்து வெளியே போகவே மனசு வரவில்லை. போர்க்காலத் தலைமை பற்றிய வரலாற்றுக் கருத்தரங்கு. அதுவும் கோஹிமாவில், 1944-ல் சண்டை நடந்த அதே மலையில்! அந்தச் சண்டையில் ஜப்பானியரை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஸ்லிம்மை வருஷக்கணக்காகப் படித்து வருகிற எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் அமர்வே அமர்க்களம். பேச வந்த பேராசிரியை அரிசியிலிருந்து ஆரம்பித்தார். ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சி மூன்று டிவிஷன்களைச் சிந்த்வின் ஆற்றைத் தாண்டி அனுப்பியபோது கையில் இருந்தது சுமார் மூன்று வாரச் சாப்பாடு. இம்பாலைப் பிடித்துவிட்டால் அங்கிருக்கும் கிடங்குகள் சோறு போடும் என்று நம்பினார். இறைச்சிக்காக ஓட்டிவந்த மாடுகளில் பல ஆற்றோடு போயின. ஸ்லிம்மோ தன் படையை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொண்டு, எதிரியை மலை தாண்டி வரவிட்டு, வயிறு காயவைத்தார். தன் ஆட்களுக்கு வேண்டியதை விமானத்தில் இறக்கினார். பாராசூட்டுக்குப் பட்டு கிடைக்கவில்லையா, கல்கத்தா சணலில் செய்! அதைச் சொல்லிக்கொண்டே பேராசிரியை ஒரு சணல் துணியை வரிசையில் கைமாற்றி அனுப்பினார். கோணிப்பையின் அதே சொரசொரப்பு, அதே வாசனை. பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டும்வரை எனக்கு அதை விட மனமில்லை.

ஜப்பானியர் பக்கம் நின்று போரிட்ட, மலேயாத் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.) பற்றியும் ஓர் அமர்வு இருந்தது. அதற்கு ஒரு நாள் முழுக்கக் கொடுத்திருக்கலாம்.

என்னை உலுக்கியது ஸ்லிம்மின் தவறு பற்றிய உரைதான். கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமென்ட்தான் வரும் என்று நினைத்தார். ஜப்பானிய ஜெனரல் சாத்தோவின் 31-வது டிவிஷனே வந்து நின்றது. எதிர்த்து நிற்க இருந்தவர்கள் சுமார் 1,500 பேர். அந்தப் பிழையைத் தன் நினைவு நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் ஸ்லிம். எந்தத் தளபதிக்கு வரும் அந்த மனசு? பட்டினியில் வீரர்கள் சாவதைப் பொறுக்காமல், மேலிடத்து உத்தரவை மீறிப் பின்வாங்கிய சாத்தோ தலைவரா, கலகக்காரரா என்ற விவாதம் டீ இடைவேளையிலும் ஓயவில்லை. என் ஓட்டு சாத்தோவுக்கே.

இரண்டாம் நாள் மாலை போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள் மட்டும் இருக்கின்றன. ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோட்டுக்கு நடந்து பார்த்தேன். இவ்வளவு கிட்டத்திலா இரண்டு படைகள் பதுங்கிக் கையெறி குண்டு வீசிக்கொண்டன! உடம்பெல்லாம் புல்லரித்தது. தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவிடத்தில் வெளிச்சம் போகும்வரை பெயர் பெயராக வாசித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கருத்தரங்குக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் திமாப்பூர் வண்டி ஏறினேன்.