பத்து சென்டிமீட்டர் கருமை

மண் அளவாய்வு அறிக்கையை யாரும் ரசித்துப் படிப்பதில்லை. வேளாண் அலுவலகத்து அலமாரியில், மடித்துச் செருகிய வரைபடத்தோடு தூசி படிந்து கிடக்கும் நூல் அது. எனக்கென்னவோ அதைவிட இறுக்கமான உரைநடை குறைவு என்றே தோன்றுகிறது. வளமானது, அருமையானது என்று எந்த மண்ணையும் அது புகழாது. எவ்வளவு ஆழம், என்ன நிறம், கட்டி எப்படி உடைகிறது, வேர் எதுவரை போகிறது, அமிலம் விட்டால் நுரைக்கிறதா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். படித்து முடித்தால் அந்த நிலத்தைத் தோண்டிப் பார்த்த நிறைவு மட்டும் நமக்கு மிஞ்சும்.

மொன்றியல் தீவுக்கு அப்படியொரு நூல் இருக்கிறது. மொன்றியல், ஜேசு, பிசார் என்ற மூன்று தீவுகளின் மண்ணையும் ஆராய்ந்து லாஜுவா, பாரில் என்ற இருவர் எழுதியது. வெளிவந்த ஆண்டு 1954. இன்று மாடிவீடுகளும் கார் நிறுத்தங்களும் நெருக்கியடிக்கும் தீவில் அப்போது உழவு முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. செயின்ட்-மிஷேலும் ஒரு காலத்தில் பண்ணைகளின் ஊர்தான். 1968-இல்தான் மொன்றியல் நகரோடு சேர்ந்தது. மண்ணுக்குப் பெயர் வைக்கும்போது ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சூட்டுவது இந்தத் துறையின் உலக வழக்கம். கோவைப் பக்கம் பீளமேட்டுத் தொடர், இருகூர்த் தொடர் என்று சொல்வதைப் போல, மொன்றியல் பகுதிக் களிமண்ணுக்குச் செயின்ட்-ரோசலி, கல் கலந்த மேட்டு மண்ணுக்குச் செயின்ட்-பெர்னார்ட். பீளமேட்டில் இன்று வயலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்த கரிசலுக்கு மட்டும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

செயின்ட்-பெர்னார்ட்டைத்தான் இங்கே நயக்கப் போகிறேன். பனிப்பாறை சுண்ணக்கல்லை அரைத்துப் பரப்பிவிட்டுப் போன படிவின் மேல் உருவான இருவாட்டி மண் அது; களியும் மணலும் ஒன்றையொன்று மிஞ்சாமல் கலந்தது, கல் நிறைந்தது. இந்த வகை மண்கண்டத்தை ஆய்வாளர் எழுதும் முறைக்கு நானே ஒரு மாதிரி தருகிறேன்: ‘ஏபி, 0 முதல் 18 செ.மீ. வரை. மிக அடர்ந்த சாம்பற்பழுப்பு, ஈரநிலையில் 10 ஒய்ஆர் 3/2. இருவாட்டி. மிதமான நுண் குருணையமைப்பு. பொலபொலப்பானது. நுண்வேர்கள் மிகுதி. கீழெல்லை தெளிவு, சமம்.’

ஒரு சொல்லை எடுத்தாலும் ஏதோ ஒன்று குறைந்துவிடும். ‘ஏ’ என்பது மேலடுக்கு. பக்கத்தில் ஒட்டிய ‘பி’ அதைக் கலப்பை உழுதிருக்கிறது என்கிறது. ஓர் எழுத்தில் ஒரு குடியானவரின் தலைமுறைகள் வந்து நின்றுவிடுகின்றன. ‘ஈரநிலையில்’ என்ற சொல் வெறும் அலங்காரமில்லை. காய்ந்தால் மண் வெளுக்கும். எந்த நிலையில் பார்த்தேன் என்று சொல்லாத நிறம் சாட்சிக்கு உதவாது. 10 ஒய்ஆர் 3/2 என்பது நிறத்தின் முகவரி. பாஸ்டனில் ஓவியம் கற்பித்த ஆல்பர்ட் மன்செல் 1905-இல் தம் நிறக் குறியீட்டு முறையை நூலாக்கினார். மண் ஆய்வாளர்கள் பின்னாளில் அதைச் சுவீகரித்துக்கொண்டார்கள். முதற்பகுதி எந்த வண்ணம் என்பது; இங்கே மஞ்சளும் சிவப்பும் கலந்தது. 3 என்பது கருமைக்கும் வெண்மைக்கும் நடுவே எந்தப் படி என்பதைக் காட்டும். 2 என்பது வண்ணத்தின் செறிவு. குழிக்குள் இறங்கி நிற்பவர் ஒரு கட்டியைப் பிட்டு, நிற அட்டையின் துளைக்குப் பின்னால் வைத்து, நல்ல வெயில் வெளிச்சத்தில் ஒப்பிட்டுத்தான் இந்த எண்களை எழுத வேண்டும். ‘கருப்பா, பழுப்பா?’ என்று திண்ணையில் நடக்கும் சண்டைக்கு இதில் வழியே இல்லை.

‘இருவாட்டி’ என்ற முடிவு விரலிலிருந்து வருகிறது. மண்ணை நனைத்துக் கொழுக்கட்டை மாவுபோலப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளிப் பார்ப்பார்கள். களி அதிகமானால் நாடா நீளும். மணல் அதிகமானால் உதிரும். ஆய்வகம் பிறகு சொல்லும் எண்ணுக்கு, பழகிய விரல் முன்கூட்டியே நெருங்கிவிடும். இருவாட்டி என்று ஏற்க, களி நூற்றுக்கு 7-லிருந்து 27 பங்குக்குள் இருக்க வேண்டும். விரலுக்கும் இந்தப் புத்தக எண்ணுக்கும் உள்ள உறவு எனக்குப் பெரிய வியப்பு.

இந்த எழுத்தின் உச்சம் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. ஓர் அடுக்கு எங்கே முடிகிறது என்பதோடு, எப்படி முடிகிறது என்பதையும் எழுதுகிறார்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் மாறினால் ‘திடீர்’. ஐந்துக்குள் என்றால் ‘தெளிவு’. பதினைந்துக்குள் என்றால் ‘படிப்படி’. அதற்கு மேல் ‘பரவல்’. பிறகு அந்தக் கோடு சமமா, அலையா, ஒழுங்கற்றதா, அறுந்ததா என்பது. ஒன்று இன்னொன்றாவதற்கு எடுக்கும் தூரத்தையே அளந்து வைத்த மொழி இது. கதாசிரியர்கள் இதைக் கொஞ்சம் படித்தால் நல்லது.

அதற்குக் கீழே ‘பிஎம்’ என்றோர் அடுக்கு வரும். இந்தப் ‘பி’ முன்னே வந்த உழவுக் குறி அல்ல, மேலடுக்குக்கு அடியிலுள்ள அடுக்கின் பெயர்; ‘எம்’ என்றால் சற்றே மாறியது. தாய்ப்படிவின் நிறம் கொஞ்சம் பழுத்திருக்கும், சுண்ணம் கொஞ்சம் கரைந்து போயிருக்கும், கட்டியமைப்பு வரத் தொடங்கியிருக்கும்; பெருமையடித்துக்கொள்ள வேறொன்றும் இராது. களி இறங்கிச் சேர்ந்திருந்தால் ‘பிடி’ என்று எழுதி லூவிசால் வரிசைக்கு அனுப்பிவிடலாம். இரும்பும் அலுமினியமும் மட்கோடு குவிந்திருந்தால் பொட்சால். இரண்டும் இல்லாத இந்த எளிய அடுக்குக்குக் கனடிய வகைப்பாடு ஒரு வரிசையையே ஒதுக்கியிருக்கிறது. அதன் பெயர் புருனிசால். குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் போதும். பெரிதாக எதுவும் நேராத மண்ணுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்த பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த வரிசைக்குள் நடக்கும் பிரிவினை இன்னும் அழகு. இரண்டே கேள்விகள். மேலே கருத்த அடுக்கு பத்து சென்டிமீட்டராவது உண்டா? அடியிலுள்ள பி அடுக்கின் பிஎச் அளவு 5.5-ஐத் தொடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மெலானிக். கருமை இல்லை, பிஎச் மட்டும் உண்டென்றால் யூட்ரிக். கருமை உண்டு, பிஎச் இல்லையென்றால் சோம்பிரிக். இரண்டுமே இல்லையென்றால் டிஸ்ட்ரிக். செயின்ட்-பெர்னார்ட் முதற்கட்டத்தில் அமர்கிறது. உழுத அடுக்குக்கு ஈரநிலையில் நிறப்படி 4-க்கும் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. மேலே நான் எழுதிய மாதிரியில் 3. அந்த எண் அங்கே இருந்ததன் காரணம் இப்போது விளங்கும். ஆய்வாளர் விவரிக்கும்போது விளைவைச் சொல்லாமல் கண்ணுக்குப் பட்டதை மட்டும் எழுதி வைக்கிறார். வகைப்பாடு வந்து அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. வகையை முடிவு செய்துவிட்டு அதற்கேற்பக் குழியைப் பார்ப்பவரின் குறிப்பேடு குப்பைக்குத்தான் போகும்.

பிறகு அமிலம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மேலடுக்கில் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் மௌனம். ஆழத்தில் அதே சொட்டு சீறி நுரைக்கும். நுரை தொடங்கும் இடத்தில் ‘சிகே’ அடுக்கு தொடங்குகிறது. மழையும் பனிநீரும் இதுவரை சுண்ணத்தை எந்த ஆழம் வரை கழுவியிருக்கின்றன என்பதை ஒரு சொட்டு காட்டிக் கொடுத்துவிடும்.

மொன்றியலில் இருக்கும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சங்கதி உண்டு. அவர்கள் விட்டு வந்த செம்பாட்டு மண்ணும் சுண்ணக்கல்லின் மேல்தான் கிடக்கிறது. மூர்மன், பானபொக்கே இருவரும் 1961-இல் வெளியிட்ட இலங்கை மண் வகைப்பாட்டில் அது சுண்ணஞ்சார்ந்த சிவப்பு-மஞ்சள் லாட்டசால். இரண்டு ஊர்களிலும் அடியில் சுண்ணக்கல், இரண்டிலும் அதை வெட்டிச் சிமெந்து செய்தார்கள். அங்கே காங்கேசன்துறை, இங்கே செயின்ட்-மிஷேலின் மிரோன் குவாரி. வேறுபாடு வயதில் இருக்கிறது. மொன்றியலின் கல் சுமார் 45 கோடி ஆண்டுப் பழமை. ஆனால் பனிப்பாறை வழித்துத் துடைத்துவிட்டு, சாம்ப்ளேன் கடல் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் புகுந்து பின் வடிந்த பிறகுதான் இங்கே மண் பிறக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக் கல் மயோசீன் காலத்தது, அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. அதன் மேலுள்ள மண்ணோ வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் வெந்து சிவந்தது. கிழட்டுக் கல்லின் மேல் பச்சைக்குழந்தை மண். இளங்கல்லின் மேல் முதிர்ந்த மண். பழுப்புக்கும் சிவப்புக்கும் உள்ள தூரத்தில் இந்தக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

செயின்ட்-மிஷேலுக்கு வந்தால் கதை கோணலாகிறது. மிரோன் குவாரி 192 ஹெக்டேர் பரப்பு. எழுபது மீட்டர் ஆழம் வரை வெட்டிய குழி. மிரோன் சகோதரர்கள் 1947-இல் வாங்கி நடத்திய குவாரியில் 1968 முதல் நகரக் குப்பை விழத் தொடங்கியது. 1984-இல் மாநகரமே அதை வாங்கிக்கொண்டது. உள்ளே இறங்கிய குப்பை சுமார் 4 கோடி டன். இப்போது அதன் மேல் பூங்கா. ‘மரம் நட்ட மனிதன்’ என்ற அனிமேஷன் படத்துக்காக 1988-இல் ஆஸ்கர் வாங்கிய ஃப்ரெடரிக் பாக்கின் பெயர் அதற்கு. புல்வெளி நடுவே நிற்கும் வெள்ளைக் கோளங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் குப்பையின் வாயுவை உறிஞ்சும் கிணறு.  

பூங்காவில் ஒரு குழி தோண்டினால் ஆய்வாளர் என்ன எழுதுவார்? மேலடுக்கு லாரியில் வந்தது. அதன் கீழெல்லை ‘திடீர்’ என்றே இருக்கும். உலக வகைப்பாட்டில் 2006 முதல் இதற்கு ஓர் இடம் உண்டு, டெக்னோசால் என்று. மேல் ஒரு மீட்டருக்குள் மனிதர் செய்த பொருள்கள் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மட்கும் குப்பை மிகுந்திருந்தால் முன்னால் ‘கார்பிக்’ என்ற அடைமொழியும் சேரும். மூடிய மண் ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டால் அடியில் எத்தனை கோடி டன் இருந்தாலும் அந்த விதியின் கண்ணுக்குப் படாது. கனடிய நூலின் 1998 பதிப்பில் உள்ள பத்து வரிசைகளில் மனிதர் ஆக்கிய மண்ணுக்கென ஒன்றுகூட இல்லை. ஆந்த்ரோபொசால் என்ற பதினோராவது வரிசையை ஆய்வாளர் குழு ஒன்று 2012-இல் முன்மொழிந்தது. என் கட்சி அவர்கள் பக்கம். ஒன்றும் நேராத மண்ணுக்கே நாற்காலி போட்டவர்கள், எல்லாமே நேர்ந்துவிட்ட மண்ணை நிற்க வைப்பது நியாயமில்லை.

மெட்ரோ நீலத் தடத்தைச் செயின்ட்-மிஷேலிலிருந்து கிழக்கே அன்ஜூ வரை நீட்டும் வேலைக்காக ஆங்காங்கே தெருவைத் தோண்டுகிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பாருங்கள். கருமை எத்தனை விரற்கடை இறங்குகிறது, அது முடியும் கோடு கத்தியால் வெட்டியதா, கரைந்து போவதா என்று. வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டினால் சமையலறை வினிகரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அமிலத்தின் வேகம் அதற்கு இல்லை. காதைப் பக்கத்தில் வைத்தால் சுண்ணம் இருக்கிற மண் மெல்லச் சலசலக்கும்.