‘திருப்திகரமான முன்னேற்றம்’: ஒரு விதியும் நம் தன்வரலாறுகளும்

அரசு விதிகளை யாரும் இலக்கியப் பிரதியாக வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும். கதையும் கவிதையும் எழுதியதைவிட நம் பிள்ளைகளின் வாழ்க்கையை அதிகமாக எழுதியிருப்பவை அவைதான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட்மெட்ரிக் ஸ்காலர்ஷிப் விதிகளை அப்படி ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். நம் எழுத்து எங்கே நின்று போயிருக்கிறது என்பதும் அதில் தெரியும்.

2010 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசு விதிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒருமுறை கொடுத்த உதவித்தொகை வருடா வருடம் தொடர வேண்டுமானால் மாணவர் அடுத்த வகுப்புக்குத் தேற வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்ற முதல் தொகுதிப் படிப்பு என்றால் முதல் தடவை தோற்றாலும் புதுப்பிக்கலாம். பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு தடவை மன்னிப்பை விதி சொல்லவில்லை. நோயால் பரீட்சை எழுத முடியாமல் போனால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். ‘எழுதியிருந்தால் தேறியிருப்பான்’ என்று கல்லூரித் தலைவரும் சான்று தர வேண்டும்.

இதற்கு மேல் இன்னொரு விதி இருக்கிறது. உதவித்தொகை மாணவரின் திருப்திகரமான முன்னேற்றத்தையும் நடத்தையையும் பொறுத்தது. தன் சொந்தத் தவறுதலால் முன்னேறவில்லை என்றோ, வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார், அனுமதியில்லாமல் வகுப்புக்கு வரவில்லை என்றோ கல்லூரித் தலைவர் எழுதினால் போதும். பணத்தை ரத்து செய்யலாம், நிறுத்தி வைக்கலாம்.

யாருக்குத் திருப்தி? யார் பார்வையில் முன்னேற்றம்? பிரதியில் பதில் இல்லை. பிரதி முழுக்கப் பரீட்சை எழுதுகிற ஆள் ஒருவர்தான், மாணவர். பணம் கொடுக்க வேண்டிய அரசு பரீட்சை ஹாலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. மாணவனுக்குத் தவறுதல் உண்டு, அரசுக்குத் தாமதம் மட்டும்தான் உண்டு. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் அதிகாரம் இருக்கிறது.

அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சேரிகளிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறுகிற பிள்ளையை வைத்துப் பார்ப்போம். இராமன் கோயில் இருக்கிற ஊராச்சே என்று சம்பூகன் கதையை இழுக்க வேண்டாம். கணக்கே போதும். 2010 விதிப்படி வீட்டிலிருந்து போய்வருகிற பி.ஏ. மாணவருக்குப் பராமரிப்புத் தொகை மாதம் 300 ரூபாயாக இருந்தது. அதுவும் மாதா மாதம் கைக்கு வருவதில்லை. ஆபீஸில் கேட்டால் ‘இன்னும் வரலப்பா’ என்பார்கள். வருஷக் கடைசியில் வரும், சில வருஷம் படிப்பு முடிந்தும் வரும்.

அதுவரைக்கும் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சோத்துக்கும் யார் கொடுப்பது? பையன் கல்யாண மண்டபத்துக்குப் பரிமாறப் போகிறான், கொலுசுப் பட்டறைக்குப் போகிறான். பொண்ணு அம்மாவோடு மரவள்ளிக் காட்டுக்குப் போகிறது. போன நாளுக்கெல்லாம் ரெஜிஸ்டரில் ஆப்சென்ட். 75 விழுக்காடு வருகை இல்லையென்றால் பரீட்சை எழுத விட மாட்டார்கள், கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டச் சொல்வார்கள். பரீட்சை எழுதவில்லை, அடுத்த வகுப்பு இல்லை, ஸ்காலர்ஷிப்பும் இல்லை. பணம் வராததால் வகுப்புக்குப் போகாதவனுக்கு, வகுப்புக்கு வராததால் பணம் கிடையாது. ‘ஏன் பணம் வரலை’ என்று பிள்ளைகள் கல்லூரி வாசலில் உட்கார்ந்தாலோ அதுவே வேலைநிறுத்தம், அதற்கும் விதி தயாராக இருக்கிறது.

மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அரியர் இருந்தாலே ஸ்காலர்ஷிப் போச்சு என்று பல இடங்களில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது விதியில் இல்லை. பல்கலைக்கழக ஒழுங்குப்படி பாடம் பாக்கி வைத்துக்கொண்டே மேல் வகுப்புக்குப் போகலாம் என்றால், போன வகுப்புக்கு உதவித்தொகை உண்டு என்றே விதி சொல்கிறது. பிரதியை நாம் வாசிக்காதவரை, வாசித்தவன் சொல்வதே விதியாகிவிடுகிறது.

இப்போது அரசின் மார்க் ஷீட்டைப் பார்க்கலாம். 2017-18 முதல் 2019-20 வரை இந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய். மிச்சச் சுமை மாநிலங்களின் தலையில். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 60:40 என்று பங்கு பிரித்து, ஐந்தாண்டுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. தன் பங்கு ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்து ஆண்டுக்கு 6,000 கோடி அளவுக்குப் போகும் என்று அரசே பெருமையாகச் சொன்னது. அப்படியானால் அதற்கு முந்தின வருஷங்களில் அரசு வாங்கின மார்க் எவ்வளவு? ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அந்த வருஷங்களில் படிப்பை விட்டுப்போன பிள்ளைகளின் பெயருக்கு நேரே ‘தொடர்ந்து வரவில்லை’ என்று எழுதினார்கள். அரசின் பெயருக்கு நேரே யாரும் எதுவும் எழுதவில்லை.

அமெரிக்காவிலும் இதே பெயரில் விதி இருக்கிறது. ஒன்றிய உதவி வாங்குகிற மாணவர் இரண்டாம் ஆண்டு முடிவில் ‘சி’ அளவாவது மதிப்பெண் எடுக்க வேண்டும், படிப்புக் காலத்தில் ஒன்றரை மடங்குக்குள் முடிக்க வேண்டும். அதுவும் ஏழைகளை வடிகட்டுகிற சல்லடைதான். ஆனால் வீட்டில் சாவு, உடம்புக்கு முடியவில்லை, வேறு நெருக்கடி என்று எழுதி மேல்முறையீடு செய்யலாம் என்று அங்கே விதியிலேயே இருக்கிறது. கல்லூரி ஒத்துக்கொண்டால் ஒரு பருவம் அவகாசத்தோடு பணம் தொடரலாம். நம் விதியிலோ மாணவர் தன் கதையைச் சொல்ல இடமில்லை. அவரைப் பற்றி டாக்டர் பேசுவார், பிரின்சிபால் பேசுவார். அவர் பேச முடியாது.

இந்தத் திட்டம் 1944இலிருந்து இருக்கிறது. வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது அண்ணல் அம்பேத்கர் வாதாடி வாங்கிய 3 லட்சம் ரூபாயிலிருந்து கிளைத்தது. உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1913இல் பரோடா மன்னர் பணத்தில் கொலம்பியா போனார், படித்து முடித்துப் பத்தாண்டு சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. லண்டனில் படிப்பு பாதியில் இருக்கும்போதே கெடு முடிந்தது, 1917இல் திரும்பினார். பரோடாவில் தங்க வீடு கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். பணம் சேர்த்து, கடன் வாங்கி, 1920இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது 1923இல். இன்றைய படிவத்தில் நடுவிலிருந்த அந்த மூன்று வருஷத்துக்கு நேரே என்ன எழுதுவார்கள்? ‘முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை.’

இனி நம் எழுத்துக்கு வருவோம். பாமாவின் ‘கருக்கு’ (1992), ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002), கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) எல்லாம் கல்வி நிலையத்துக்குள் சாதி எப்படி நடமாடுகிறது என்று காட்டிய நூல்கள். சலுகை என்ற பெயரில் வகுப்பில் எழுந்து நிற்க வைக்கிற அவமானத்தை ‘கருக்கு’ பதிவு செய்தபோது தமிழ் இலக்கியத்துக்கு அது புதுசு. கிறித்தவத் தலித் அட்டவணைக்கு வெளியே நிற்பதன் வலியைச் சிலுவைராஜ் சொன்னான். இவற்றின் மதிப்பைக் குறைக்க நான் இதை எழுதவில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். இவை எல்லாம் தேறியவர்களின் கதைகள். பட்டம் வாங்கியவர்தான் பேனா பிடித்தார். இரண்டாம் வருஷம் அட்டெண்டன்ஸ் இல்லாமல் பெயர் அடிக்கப்பட்டுத் திரும்பவும் பட்டறைக்கே போன பிள்ளையின் தன்வரலாறு நம்மிடம் எங்கே? தலித் தன்வரலாறு என்கிற வடிவமே, தெரியாமலே, ‘திருப்திகரமான முன்னேற்றம்’ காட்டியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கஷ்டப்பட்டான், படித்தான், ஜெயித்தான் என்கிற ஓட்டம் அரசுக்கும் ரொம்பப் பிடித்த ஓட்டம். ஜெயிக்காதவன் சரியாகப் படிக்கவில்லை என்ற முடிவு அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. விதி சொல்கிற ‘சொந்தத் தவறுதல்’ நம் கதைகளின் முதுகில் ஏறி வருகிறது.

‘எல்லாரும் தோத்த கதையை எழுதினா யாருக்கு நம்பிக்கை வரும்?’ என்று தோழர்கள் கேட்கலாம். நம்பிக்கை வேறு, சான்றிதழ் வேறு. நின்று போனவன் ஏன் நின்றான் என்று தேதியோடும் தொகையோடும் எழுதினால் அது அழுகை ஆகாது, அரசின் மேல் குற்றப்பத்திரிகை ஆகும். ஒவ்வொரு ஊர்ச்சேரியிலும் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். படிவம் எப்போது கொடுத்தார்கள், பணம் எப்போது வந்தது, எந்த நாளெல்லாம் வேலைக்குப் போனார்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்லி எழுத வேண்டும். விதி அவர்களுக்குத் தராத மேல்முறையீட்டுப் பக்கத்தை இந்த மாதிரிப் பத்திரிகைகள்தான் தர முடியும்.