ஹாம்லெட்: ஒரு ரயில்வே ஊரும் சில பூட்டிய கதவுகளும்

ஹாம்லெட் என்றதும் ஷேக்ஸ்பியர்தான் ஞாபகத்துக்கு வருவார். இது வேற ஹாம்லெட். அமெரிக்காவின் வட கரோலினாவில், தென் கரோலினா எல்லையை ஒட்டி இருக்கும் ஒரு சின்ன ரயில்வே ஊர். சின்ன ஊருக்கு இதன் பெயர் வரலாற்றில் கொஞ்சம் அதிகமாகவே அடிபடுகிறது. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் 1926ல் இங்கேதான் பிறந்தார், ஆனால் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஹை பாயிண்டுக்குப் போய்விட்டது. கென்னடி சுடப்பட்ட அன்று டாலஸிலிருந்து நியூயார்க் டைம்ஸுக்குச் செய்தி எழுதிய டாம் விக்கரும் அதே 1926ல், இதே ஊரில், ஒரு ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்தவர்.

ஊருக்கு இருக்கும் மூன்றாவது அடையாளம் 1991 செப்டம்பர் 3. அன்று காலை இம்பீரியல் ஃபுட்ஸ் என்ற கோழிக்கறித் தொழிற்சாலை எரிந்தது. 25 பேர் இறந்தார்கள், அதில் 18 பேர் பெண்கள். 50க்கும் மேல் காயம். வெளியேறும் கதவுகளில் சில பூட்டியிருந்தன.

டெம்பிள் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் பிரையன்ட் சைமன் 2017ல் வெளியிட்ட 'தி ஹாம்லெட் ஃபயர்' இதைப் பற்றிய புத்தகம். மலிவான உணவு, மலிவான அரசாங்கம், மலிவான உயிர்கள் என்பது துணைத்தலைப்பின் சாரம். மொத்த வாதமும் அதிலேயே இருக்கிறது. நல்ல புத்தகம், படிக்க வேண்டிய புத்தகம். ஆனால் அந்த 'மலிவு' என்ற ஒற்றைச் சொல்லோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். கோழித் துண்டுகளை எண்ணெய்க்குக் கொண்டுபோகும் கன்வேயரை ஓட்டுவது ஹைட்ராலிக் மோட்டார். அதன் குழாயைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டியபோது இணைப்பு பிய்த்துக்கொண்டது. உயர் அழுத்தத்தில் பீச்சிய திரவம் எண்ணெய்க் கொப்பரையின் கேஸ் அடுப்பில் பட்டுத் தீப்பற்றியது. அப்போது உள்ளே சுமார் 90 பேர். தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. பெரும்பாலானவர்களைக் கொன்றது தீ அல்ல, புகை. கதவைப் பூட்டியதற்கு முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம், தொழிலாளர்கள் கோழிக்கறி திருடுகிறார்கள் என்ற சந்தேகம்.

முதலாளி எம்மெட் ரோ 25 மரணங்களுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை 19 வருடம் 11 மாதம். ஐந்து வருடம் முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார். பத்திரிகைகள் சொன்ன கதை இதோடு முடிந்தது: கெட்ட முதலாளி, பூட்டிய கதவு, சிறை.

சைமனின் பலம் இந்த இடத்தில் நிற்காததுதான். மென்பொருள் வேலையில் ஒரு சிஸ்டம் விழுந்தால் "யார் பண்ணினது?" என்று கேட்டு நிறுத்தக்கூடாது, "இதைப் பண்ண எப்படி விட்டோம்?" என்றும் கேட்கணும் என்பார்கள். புத்தகம் அந்த இரண்டாவது கேள்வியை விடாமல் கேட்கிறது. இந்தத் தொழிற்சாலை ஏன் இந்த ஊருக்கு வந்தது? மணிக்கு ஐந்து டாலர் அளவிலான வேலைக்கு ஏன் ஆள் வரிசையில் நின்றார்கள்? அமெரிக்கா ஏன் திடீரென்று இத்தனை கோழி சாப்பிட ஆரம்பித்தது? மாநில அரசு ஏன் எட்டிப் பார்க்கவில்லை?

கடைசிக் கேள்விக்கான பதில்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 11 வருடத்தில் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருத்தர்கூட அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் மத்திய விவசாயத் துறையின் இறைச்சி ஆய்வாளர் தினமும் வந்தார். கோழிக்குத் தினசரி சோதனை. கோழியை வெட்டும் மனுஷிக்கு ஒரு தடவைகூட இல்லை. துணைத்தலைப்பில் உள்ள மூன்று மலிவுகளும் இந்த ஒரு விவரத்திலேயே தெரிந்துவிடுகின்றன.

நிறப்பாகுபாடு பற்றிய பகுதியும் நேர்மையானது. பக்கத்திலேயே கறுப்பின மக்கள் அதிகம் வாழும் டாபின்ஸ் ஹைட்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்த தீயணைப்புப் படை உதவிக்கு வரத் தயாராக இருந்தது. ஹாம்லெட் படை அவர்களைக் காத்திருக்கச் சொன்னது, கடைசிவரை கூப்பிடவில்லை. அதில் வந்த கசப்பு தீ அணைந்த பிறகும் அணையவில்லை.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

ஒரு சொல் எல்லாவற்றையும் விளக்கினால் அது எதையும் கூர்மையாக விளக்குவதில்லை. கூலி மலிவு, கறி மலிவு, அரசு மலிவு, உயிர் மலிவு என்று அடுக்கிக்கொண்டே போகும்போது, 'மலிவு' என்பது ஏதோ வானிலை மாதிரி ஆகிவிடுகிறது, மழை பெய்தது போல மலிவு வந்தது என்று. ஆனால் பூட்டு தானாகப் பூட்டிக்கொள்ளாது. ஆய்வாளர் பதவிகளுக்கான பணத்தைக் குறைக்க யாரோ கை தூக்கி ஓட்டுப் போட வேண்டும். 1911ல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஒரு பூட்டிய கதவு. அப்போது மலிவு என்ற தத்துவம் ஊரை ஆளவில்லை, ஆனாலும் கதவு பூட்டியிருந்தது. அப்படியானால் காரணம் மலிவு மட்டும் அல்ல, தொழிலாளிக்குப் பேச அதிகாரம் இல்லாததும்தான்.

இந்த இடத்தில்தான் ரயில்வே முக்கியமாகிறது. சீபோர்டு ஏர் லைன் என்ற ரயில் கம்பெனியின் பாதைகள் ஐந்து திசைகளில் பிரியும் சந்திப்பு ஹாம்லெட். (ஏர் லைன் என்றால் விமானம் இல்லை, நேர்கோட்டுப் பாதை என்ற அந்தக் காலத்துப் பொருள்.) 1900ல் கட்டிய அழகான மர ஸ்டேஷன் இன்றும் நிற்கிறது. 1950களில் ஹம்ப் யார்டு வந்தது. வேகன்களை ஒரு மேட்டில் தள்ளி ஏற்றினால், அவை தாமாகவே உருண்டு தத்தம் பாதைக்குப் போய்ச் சேரும். அப்புறம் டீசல் எஞ்சின் வந்து நீராவிப் பட்டறைகளின் வேலையைத் தின்றது. 1967ல் கம்பெனி தன் போட்டியாளரோடு இணைந்தது. ரயில்வே சம்பளம் சுருங்கிய ஊருக்குள்தான் கோழி வந்தது.

சைமன் இந்தச் சரிவைச் சொல்கிறார். எனக்குப் போதாதது வேறொன்று. ரயில் வேலையும் ஒரு காலத்தில் ஆளைக் கொல்லும் வேலைதான். வேகன்களைக் கையால் கோர்த்து விரல் இழந்தவர்கள் ஏராளம். 1893ல் தானியங்கிக் கப்ளிங்கையும் காற்று பிரேக்கையும் சட்டம் கட்டாயமாக்கியது. 1908ல் இன்னொரு சட்டம், கம்பெனியின் அலட்சியத்தால் அடிபட்ட ரயில்வே தொழிலாளி நேராக நீதிமன்றம் போக வழி செய்தது. இவற்றுக்குப் பின்னால் சங்கங்களின் பல வருடப் போராட்டம் இருந்தது. ஆக, பாதுகாப்பை எப்படிச் சம்பாதிப்பது என்று தெரிந்த ஊர் ஹாம்லெட். அதே ஊரில், சங்கமே இல்லாத கோழித் தொழிற்சாலையில், அந்த அறிவு ஏன் கைமாறவில்லை?

ஒரு பதில் எனக்குத் தோன்றுகிறது. எஞ்சின் ஓட்டுநர், கண்டக்டர் சங்கங்கள் நெடுங்காலம் கறுப்பினத்தவரைச் சேர்க்கவே இல்லை. ரயில்வே தந்த பாதுகாப்பு வெள்ளை ஆண்களின் சொத்தாகவே இருந்தது. கோழி வெட்ட வந்தவர்களில் நிறையப் பேர் பெண்கள், கறுப்பினத்தவர்கள். ஊரின் அனுபவம் அவர்களுக்கு வாரிசுரிமையாக வரவில்லை. 'பழைய நல்ல காலம் போச்சு, மலிவுக் காலம் வந்துச்சு' என்று மட்டும் சொன்னால் இது கண்ணில் படாது. அந்த நல்ல காலம் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருந்தால், 1991ல் "கதவைத் திற" என்று சொல்ல ஒரு சங்கம் அங்கே இருந்திருக்கலாம்.

இது புத்தகத்தை நிராகரிக்கும் வாதம் இல்லை. சைமன் திரட்டித் தந்த விவரங்கள் இல்லாமல் இந்தக் கேள்வியே எனக்கு எழுந்திருக்காது. தீ விபத்துக்குப் பிறகு வட கரோலினாவில் சட்டங்கள் மாறின, ஆய்வாளர்கள் கூடினார்கள். ஆனால் பதவிகள் பட்ஜெட்டோடு வரும், பட்ஜெட்டோடு போகும். பயமில்லாமல் புகார் சொல்ல முடிகிற தொழிலாளி இருக்கும் இடத்தில்தான் கதவு திறந்தே இருக்கும். படிப்பவர்கள் 'மலிவு' என்ற சொல்லை அடிக்கோடிடுவதற்குப் பதிலாக, யார் பேசினார்கள், யாரால் பேச முடியவில்லை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள். அப்படிப் படித்தால் இந்தப் புத்தகம் தன் தலைப்பைவிடப் பெரியதாகத் தெரியும்.