சோதித்துப் பார்க்க ஒரு பாதை வேண்டும்

தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்துக்காரர்கள் போடிக்குப் போய் ரயிலேறும் வசதி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லாமலிருந்து, 2023 ஜூன் 15 அன்று திரும்பி வந்தது. 1928இல் திறந்த மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 முடிவோடு மூடினார்கள். அகலப்பாதை வேலை உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று துண்டு துண்டாக முடிந்து கடைசியில் போடியைத் தொட்டது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. போடியோடு முடிந்துவிடும் கிளைப்பாதை. ரயில் தொழில்நுட்பத்தில் இந்தியாவின் எதிர்காலம் என்று பேச்சு எழும்போது இப்படிப்பட்ட பாதையை யாரும் நினைப்பதில்லை. அந்தப் பேச்சை இங்கிருந்தே எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

பேச்சு இதுதான்: ரயில் இனி மென்பொருளால் ஓடும், மென்பொருள் எழுதுவதில் நாம் தேர்ந்தவர்கள், ஆகவே இந்திய நிறுவனங்களுக்குப் பெரிய சந்தை காத்திருக்கிறது. முதல் கூற்று உண்மை. இரண்டாவதும் உண்மை. மூன்றாவது மட்டும் அவற்றிலிருந்து தானாக வந்துவிடாது.

டிக்கெட், முன்பதிவு, சரக்கு வண்டி எங்கே நிற்கிறது என்ற தகவல் ஆகியவற்றில் நாம் எப்போதோ தேறிவிட்டோம். 1986இல் தொடங்கிய ‘கிரிஸ்’ என்ற ரயில்வேயின் சொந்த அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. 2002இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. அங்கே தனியாருக்குப் புதிதாகப் பெரிய இடம் இல்லை. இனி இடம் இருப்பது உயிர் காக்கும் மென்பொருளில். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் கணினித் திரையில்தான் நடக்கிறது. திரை நின்றுபோனால் அந்த லாட்டை மறுபடி ஏலம் விடலாம். தவறாக விழுந்த பச்சை சிக்னலை நம்பிப் போன ரயிலுக்கு அந்த மறுபடி கிடையாது. அதனால்தான் சிக்னல் மென்பொருளுக்கு ‘சில்-4’ என்ற மிக உயர்ந்த பாதுகாப்புச் சான்று கேட்கிறார்கள். எழுதத் தெரிந்திருப்பது போதாது. தவறாது என்று தனி மதிப்பீட்டாளர் முன் நிறுவ வேண்டும்.

இந்தச் சான்றைத் தாண்டிவந்த இந்தியச் சாதனை ‘கவச்’. லோகோ பைலட் சிவப்பு சிக்னலைத் தாண்டினாலோ வேக வரம்பை மீறினாலோ கவச் தானே பிரேக் போடும். ஸ்லீப்பர் கட்டைகளில் பொருத்திய ஆர்.எஃப்.ஐ.டி. பட்டைகள் ரயில் எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. நிலையக் கருவியும் இன்ஜின் கருவியும் ரேடியோவில் பேசிக்கொள்கின்றன. 2016 பிப்ரவரியில் பயணிகள் ரயிலில் சோதனை தொடங்கி, 2020 ஜூலையில் நாட்டுக்குரிய முறையாக ஏற்கப்பட்டது. இதன் விவரக்குறிப்பு எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. லக்னோவில் இருக்கும் ரயில்வேயின் ஆய்வு அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. அதை வகுத்தது. ஒரு நிறுவனத்தின் இன்ஜின் கருவி இன்னொரு நிறுவனத்தின் நிலையக் கருவியோடு பேசியாக வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதிதான் சின்ன நிறுவனங்களையும் உள்ளே விட்டது என்பேன்.

முதலில் உள்ளே வந்த மூன்றும் ஐதராபாத் நிறுவனங்கள்: மேதா, எச்.பி.எல்., கெர்னெக்ஸ். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சிக்னல் பொறியாளர்களுக்குப் பயிற்சி தரும் ரயில்வேயின் இரிசெட் நிறுவனம் செகந்திராபாத்தில் இருக்கிறது. கவச் சோதனை நடந்ததும் பக்கத்திலேயே, லிங்கம்பள்ளி–விகாராபாத்–வாடி பாதையில். கெர்னெக்ஸ் அதற்கு முன்பே கொங்கண் ரயில்வேயோடு சேர்ந்து ‘ரக்ஷா கவச்’ என்ற மோதல் தடுப்புக் கருவியைச் செய்து, வடகிழக்கு எல்லை ரயில்வேயில் பொருத்தியிருந்தது. தேவையில்லாத இடத்தில் பிரேக் போட்டுவிடுகிறது என்ற குறையோடு அந்தக் கருவி பரவாமல் நின்றுபோனது. ஆனாலும் ஓடும் ரயிலில் தோற்றுப் பார்த்த அனுபவம் அந்த நிறுவனத்துக்கு மிஞ்சியது. எந்த மென்பொருள் பூங்காவிலும் அது கிடைக்காது. 2024 முடிவில் சித்தரஞ்சன் இன்ஜின் தொழிற்சாலை 2,500 இன்ஜின்களுக்குக் கவச் பொருத்த, 2,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள ஆர்டரை அதே கெர்னெக்ஸுக்குக் கொடுத்தது.

பெரம்பூர் ஐ.சி.எஃப். கதையும் இதையே சொல்கிறது. 2018இல் அங்கே உருவான ‘டிரெயின் 18’, பின்னாளின் வந்தே பாரத், தலைமுதல் கால்வரை கணினியால் ஆளப்படும் ரயில். அதன் மின் உந்துகருவிகளைக் கொடுத்தது மேதா. ஓடிக் காட்டிய பிறகு, 2021 ஜனவரியில் 44 ரேக்குகளுக்கான ஆர்டர் அதே நிறுவனத்துக்குப் போனது. முதல் வண்டியில் இந்தியக் கருவியை நம்பிப் பொருத்த ஐ.சி.எஃப். துணிந்திருக்காவிட்டால் இரண்டாவது ஆர்டருக்கு வழியே இருந்திருக்காது.

இனி மறுபக்கம். கவச் போடும் வேகம் மிகக் குறைவு. 2024 வரை தென்மத்திய ரயில்வேயில் சுமார் 1,500 கிலோமீட்டர்தான் முடிந்திருந்தது. நாட்டின் மொத்தப் பாதையோ 68,000 கிலோமீட்டருக்கு மேல். 2024 ஜூலையில் 4.0 என்ற புதிய வடிவத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன்படி கோட்டா–மதுரா பாதை 2025 ஜூலையில்தான் தயாரானது. வடிவம் மாறும்போதெல்லாம் நிறுவனம் தன் கருவியை மாற்றி மறுபடி சான்று வாங்க வேண்டும். வாங்குபவர் ரயில்வே ஒருவர்தான். அவர் தாமதித்தால் நிறுவனத்துக்கு வேறு வாசல் இல்லை. கவச் இதுவரை இந்தியப் பாதைகளில் மட்டுமே ஓடுகிறது. ஏற்றுமதி என்பது இன்றைக்கு நம்பிக்கை மட்டுமே.

மெட்ரோவில் நிலை இன்னும் கடினம். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு சிக்னல் கொடுத்தது சீமென்ஸ். ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி திட்டமிட்ட இரண்டாம் கட்டத்துக்கு ஹிட்டாச்சி. டெல்லியில் மெட்ரோ நிறுவனமும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து செய்த கண்காணிப்பு மென்பொருள் 2023 பிப்ரவரியில் ரெட் லைனில் ஓடத் தொடங்கியது பாராட்டத்தக்கது. ஆனால் அது ரயில்களின் நேரத்தையும் வழியையும் மேற்பார்வை பார்க்கும் பகுதி. மோதாமல் காக்கும் உள்பகுதி இன்னும் வெளிநாட்டவர் கையில் இருக்கிறது. பெங்களூரில் அல்ஸ்டாம் போன்றவர்களின் மையங்களில் நம் பிள்ளைகள் எழுதும் ரயில் மென்பொருள் தரத்தில் யாருக்கும் குறைந்ததில்லை. சம்பளம் நமக்கு வருகிறது. சான்றும் உரிமையும் பெயரும் அந்த நிறுவனங்களுக்குப் போகின்றன. இதையும் ‘இந்தியாவின் வாய்ப்பு’ என்ற கணக்கில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாரும் கவச்சையே பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணிலிருந்து நழுவும் இடம் ஒன்று உண்டு. 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் அருகே பஹானகா பஜாரில் மெயின் லைனுக்குப் பச்சை கிடைத்து, லூப் லைனுக்குள் போய், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை காட்டிய காரணம், லெவல் கிராசிங் கேட் வேலையின்போதும் அதற்கு முன்பும் சிக்னல் மின்சுற்றில் நடந்த மாற்றங்களின் பிழை. கம்பி பொய் சொன்னால் மென்பொருள் அதை நம்பும். பாயிண்ட்டையும் சிக்னலையும் கேட்டையும் ஒன்றோடொன்று பூட்டிவைக்கும் இன்டர்லாக்கிங் நம்பியதைக் கவச்சும் நம்பும். அங்கே கவச் இருந்திருந்தாலும் அந்தப் பிழையைப் பிடித்திருக்காது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த கேட்டுக்கு இன்டர்லாக்கிங் கிடையாது. இருந்திருந்தால் கேட் மூடாமல் சிக்னல் விழுந்திருக்காது.

இரண்டு விபத்திலும் ஒரு கேட் இருக்கிறது. இரண்டுமே, தரையில் உண்மையில் இருப்பது சிக்னல் அறைக்குத் தெரியாமல் போனதால் நடந்தவை. இங்கேதான் நம் நிறுவனங்களுக்கு யாரும் செய்து முடிக்காத பெரிய வேலை கிடக்கிறது என்று கருதுகிறேன்: மின்சுற்றை மாற்றிய பிறகு எல்லா வழிகளையும் தானாகச் சோதித்துச் சொல்லும் கருவி, கிளைப்பாதைக்குக் கட்டுப்படியாகும் கேட் இன்டர்லாக்கிங், சிக்னல் கருவிகளின் நிலையைக் குறித்துவைக்க நிலையங்களில் ஏற்கெனவே இருக்கும் டேட்டா லாகர் பதிவுகளைப் படித்துப் பழுது வருமுன் எச்சரிக்கும் மென்பொருள். டேட்டா லாகர் செய்யும் விஜயவாடாவின் எஃப்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கின்றன. நுழைய ஆயிரம் கோடி முதல் தேவையில்லை. மாதச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும் சிறு ஊரிலிருந்தும் செய்யலாம்.

போடி பாதைக்கே கணக்குப் போடுவோம். அரசு சொல்லும் விலைப்படி கவச்சுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 50 லட்சம், இன்ஜினுக்குச் சுமார் 80 லட்சம். 90 கிலோமீட்டருக்குப் பாதைச் செலவு மட்டும் 45 கோடி. மதுரைக்கு ஒரு பாசஞ்சர், சென்னைக்கு வாரம் மூன்று முறை ஓர் எக்ஸ்பிரஸ் என்று சேவை தொடங்கிய பாதைக்கு அதை முதல் தேவை என்று சொல்ல மாட்டேன். கேட்டும், பாயிண்ட்டும், மழையில் கரையும் கரைகளும்தான் இங்கே முதலில் கண்காணிக்க வேண்டியவை.

ஆகவே என் தீர்ப்பு இது. வாய்ப்பு உண்மை, ஆனால் பேசப்படும் அளவுக்கு அகலமானதல்ல. விவரக்குறிப்பைத் தன் கையில் வைத்து, சோதிக்கப் பாதை கொடுத்து, தோல்வியைப் பொறுத்து ரயில்வே வாங்கிய இடங்களில் மட்டும் இந்திய நிறுவனங்கள் வென்றிருக்கின்றன. மெட்ரோவின் உள்பகுதியில் அது நடக்கும்வரை ஏற்றுமதிப் பேச்சு முன்கூட்டியது. அடுத்த பத்தாண்டின் நல்ல வேலை உள்நாட்டில், கேட்டிலும் மின்சுற்றுச் சோதனையிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஐ.சி.எஃப். இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது, பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஐதராபாத்துக்குக் கிடைத்த சோதனைப் பாதை மட்டும் இல்லை. ரயில் குறைவாக ஓடும், முனையில் முடியும், கேட்டுகள் கொண்ட மதுரை–போடி பாதை அதற்குத் தோதானது. 2012 முதல் போடியில் அரசினர் பொறியியல் கல்லூரியும் நடக்கிறது. மதுரை கோட்டம் இந்தப் பாதையின் இரண்டு மூன்று கேட்டுகளையாவது சோதனைக்குத் திறந்துவிட்டு, கல்லூரியையும் சிறு நிறுவனங்களையும் அழைக்க வேண்டும். தேனி மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகள் புதிய ரயில் கேட்கும் மனுவோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.