பாலத்துக்குப் போன இரும்பு

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறீர்களா? விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகிற சாலையும், விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் போகிற சாலையும் வெட்டிக்கொள்கிற இடம். நாலு பக்கமும் ஹாரன், நடுவில் கரும்பு டிராக்டர். சிதம்பரம் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் ரெண்டு டீ குடித்துவிடலாம்.

நான் ரெண்டாவது டீயில் இருந்தபோது, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் மஞ்சள் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா மலரை எடுத்து நீட்டினார்.

“நடுப்பக்கத்தைப் பாருங்க தம்பி. நான் எழுதினது. படிச்சுட்டு உள்ளதைச் சொல்லணும்.”

ரெண்டு பக்கக் கட்டுரை. இதை நீங்களும் வேறு வேறு வடிவத்தில் படித்திருப்பீர்கள். பரங்கிப்பேட்டையில் 1830ல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை வைத்தார். அங்கே உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. வேல்ஸில் மெனாய் நீரிணையைத் தாண்டிப் போகிற மெனாய் பாலத்திலும், பிரிட்டானியா பாலத்திலும் இருப்பது நம் இரும்பு. ஆகவே தமிழன் தலை நிமிரட்டும். கூடவே மங்கலாக ஒரு பாலத்தின் படம்.

நான் பி.காம். கதை நன்றாக இருந்தால் நாலு பேர் கை தட்டுவார்கள், நான் தேதியைப் பார்ப்பேன். வவுச்சர் தேதியும் பில் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற புத்தி. மெனாய் தொங்கு பாலத்தைத் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டித் திறந்தது 1826 ஜனவரியில். பரங்கிப்பேட்டை உலை எரிய ஆரம்பித்ததே 1830ல். பிறக்காத பிள்ளை சம்பாதித்து அனுப்பிய கதை! அந்த வரி பல புத்தகங்களில் அப்படியே காப்பியாகி வருகிறது. பெரியவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பிரிட்டானியா பாலம் வேறு. ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டியது, 1850ல் திறந்தது, ரயிலே உள்ளே புகுந்து போகிற இரும்புக் குழாய்ப் பாலம். அதற்குப் பரங்கிப்பேட்டை இரும்பு போனதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன, தேதியும் பொருந்துகிறது. ஆனால் 1970ல் சில பையன்கள் இருட்டில் வெளிச்சத்துக்காகக் கொளுத்திய நெருப்பு விழுந்து குழாய்கள் வெந்து கெட்டுப்போயின. பாலத்தை வேறு மாதிரி மாற்றிக் கட்டினார்கள். பழைய குழாயில் ஒரு துண்டை மட்டும் நினைவுக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, நிமிர்த்திய தலைக்கு ஆதாரம் ஒரு துண்டு குழாய்.

தேதித் தப்பைத் திருத்திவிட்டால் கட்டுரை சரியாகிவிடுமா? என் சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சேத்தியாத்தோப்பைத் தொட்டு ஓடுகிற வெள்ளாறு, புவனகிரி தாண்டிப் பரங்கிப்பேட்டையில்தான் கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில் உலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபார உத்தியோகஸ்தராகச் சேலம் பக்கம் இருந்தவர். கஞ்சமலைப் பக்கத்து இரும்புத் தாதைக் கண்ணால் பார்த்தவர். நம் கொல்லர்கள் சின்னச் சின்ன மண் உலையில் துருத்தி ஊதி, உலகம் ‘ஊட்ஸ்’ என்று வியந்த உருக்கைச் செய்வதையும் பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு, சென்னை ராஜதானியில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனி உரிமையை வாங்கினார். தாது சேலத்தில், உலை கடற்கரையில். மாட்டு வண்டியிலும் பரிசலிலும் தாது வந்து சேர வேண்டும். எரிபொருளோ நிலக்கரி இல்லை, மரக்கரி.

இங்கே நின்று யோசியுங்கள். ஒரு டன் இரும்புக்குப் பல டன் மரம். பக்கத்துக் காடு தீர்ந்தால் அடுத்த காடு. காடு தள்ளிப்போகப் போக, கரியின் விலை ஏறும். கம்பெனி சர்க்கார் கடன் மேல் கடன் கொடுத்துப் பார்த்தது. 1833ல் ஒரு கம்பெனி, அது நொடித்ததும் 1850களில் இன்னொரு கம்பெனி. ம்ஹூம். அதற்குள் இங்கிலாந்தில் கல்கரியில் உருக்கிய இரும்பு மலிந்துவிட்டது. 1860களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது.

ஹீத்தின் சொந்தக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1839ல் இங்கிலாந்தில், உருக்கு செய்யும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு பேடன்ட் வாங்கினார். ஷெஃபீல்டில் உருக்கு விலை மளமளவென்று இறங்கியது. ஆலை முதலாளிகள் முறையைக் கொஞ்சம் மாற்றி, அவருக்குக் காசு கொடுக்காமலே லாபம் பார்த்தார்கள். கோர்ட்டு கோர்ட்டாக அலைந்து 1851ல் ஓட்டாண்டியாகச் செத்தார். செத்த பிறகு வந்த கடைசித் தீர்ப்பும் அவருக்கு எதிராகத்தான் போயிற்று. சாம்ராஜ்யம் தன் ஆளையே இப்படித்தான் நடத்தியது.

அப்படியானால் அவர் நம் பரிதாபத்துக்குரிய ஹீரோவா? மலர்க் கட்டுரை அப்படித்தான் முடிகிறது. அதில் பெயரோடு வருகிற ஒரே ஆள் ஹீத். கரி சுட்டவன், தாது சுமந்தவன், உலைக்கு முன்னால் வெந்தவன் யாரும் இல்லை. சேலத்து மண் உலைக்காரர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று ஒரு வரி இல்லை. கப்பலில் மலிவு விலை இங்கிலீஷ் இரும்பு வந்து இறங்க, அவர்கள் தொழில் அந்த நூற்றாண்டிலேயே மங்கி அழிந்தது.

‘வெள்ளைக்காரன் இல்லாவிட்டால் ரயில் ஏது?’ என்று கேட்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. 1856 ஜூலை 1ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பரங்கிப்பேட்டையில் உலை இருந்த காலம்தான். ஆனாலும் தண்டவாளம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ரயில் கம்பெனியில் பணம் போட்ட லண்டன்காரருக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து சதவீத வட்டி உத்தரவாதம். துண்டு விழுந்தால் நம் வரிப்பணம். இரும்பு உலைக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது. இந்த மண்ணில் பெரிய அளவில் உருக்கு செய்து நிலைத்தது என்றால் அது 1907ல் தொடங்கி 1911ல் உலை மூட்டிய டாடா கம்பெனிதான். அந்த அரை நூற்றாண்டு இடைவெளிக்கு யாராவது விலை போட்டிருக்கிறார்களா?

நம் கடற்கரையிலிருந்து அந்த நாளில் இரும்பை விட அதிகமாக ஏற்றுமதியானது மனிதர்கள். 1834ல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை முடிவுக்கு வந்தது. மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். பின்னாலேயே இலங்கைக்குக் காப்பித் தோட்டம், அப்புறம் தேயிலை. மலேயாவுக்கு ரப்பர். தென்னார்க்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி பின்னால் போனவர்கள் லட்சக்கணக்கில். நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல், இலங்கைக்கு மண்டபம் முகாம் வழி. கங்காணி யார்? வெள்ளைக்காரனா? நம்ம ஆள். பக்கத்து ஊர்க்காரன், சில சமயம் சொந்தக்காரன். முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போய், அந்தக் கடனிலேயே கட்டிப்போட்டவன்.

பரங்கிப்பேட்டை மலர் மறந்ததை ஒரு கதாசிரியர் மறக்கவில்லை. புதுமைப்பித்தன். ஊர் திருநெல்வேலி என்றாலும் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், 1906ல். மணிக்கொடியில் 1935ல் ‘துன்பக்கேணி’ எழுதினார். வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிகிற கதை. கலைநயம் பற்றி எனக்குப் புகார் உண்டு. பின்பாதியில் அவசரம், சம்பவங்கள் தடதடவென்று வந்து விழுகின்றன. ஆனால் கணக்கு சுத்தம். வெள்ளைக்காரத் துரைக்கு முன்னாலேயே மருதியின் குடும்பத்தை ஊர்ப் பண்ணையார் கெடுத்துவிடுகிறார், கங்காணி வருவது அதற்கப்புறம். ஒவ்வொருத்தர் பங்கும் அவரவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. கற்பனைக் கதையில் இருக்கிற இந்த நேர்மை வரலாறு என்று போட்டுக்கொண்ட கட்டுரையில் இல்லையே!

சினிமாக்காரர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். டாக்டர் பி.எச்.டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். கண்டதை ‘ரெட் டீ’ என்று 1969ல் ஆங்கிலத்தில் நாவலாக்கினார். இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழில் ‘எரியும் பனிக்காடு’. அதில் வருகிற டாக்டர், தொழிலாளிகளுக்காக மல்லுக்கட்டுகிறவர். அதைத் தழுவி 2013ல் பாலா எடுத்த ‘பரதேசி’யில் டாக்டர் ஆடிப் பாடி மதம் மாற்றுகிற கோமாளியாகிவிட்டார். படம் கண் கலங்க வைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதினால் ஆடிட்டர் என்ன செய்வாரோ அதைத்தான் நானும் செய்ய வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்குப் போனவர்களின் கணக்கு 1947லோ 1948லோ முடிந்துவிடவில்லை. சுதந்திர இலங்கை செய்த முதல் காரியங்களில் ஒன்று, 1948ல் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வோம் என்று! மூட்டைக் கணக்கு மாதிரி. மருதியின் பேரப்பிள்ளைகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இதுவரை படித்துவிட்டு, ‘போனவர்கள் பாவம்’ என்று உச்சுக் கொட்டியிருப்பீர்கள். போய்ப் பணத்தோடு திரும்பியவர்களும் உண்டே. பஸ் பிடித்து நான் போகவிருந்த சிதம்பரத்திலேயே அந்தப் பணம் நிற்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1929. நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் நாட்டுக்கோட்டைச் சமூகம் பர்மாவில் லேவாதேவி செய்து வளர்ந்தது. நெல் விவசாயிக்கு நிலத்தின் பேரில் கடன். 1930களில் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை சரிந்ததும் கடன் கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கியது என்பதை விட வராக்கடனுக்குப் பதிலாக வந்து சேர்ந்தது என்பதே சரி. பறிகொடுத்த பர்மாக்காரனுக்கு அந்த வித்தியாசம் முக்கியமா என்ன? பிறகு யுத்தம் வந்து, பர்மா சுதந்திரம் வந்து, இவர்களுக்கும் அந்த நிலம் கைவிட்டுப் போயிற்று.

அந்தப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் பி.காமே அங்கே அஞ்சல் வழியில் படித்ததுதான். தபாலில் வந்த பாட புத்தகத்தில்தான் டபுள் என்ட்ரி கற்றேன். ஒவ்வொரு வரவுக்கும் எங்கோ ஒரு பற்று இருக்க வேண்டும் என்பது அதன் முதல் பாடம். என் டிகிரியின் மறுபக்கத்தில் ஐராவதி ஆற்றங்கரையில் யாரோ ஒருவர் இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது.

அந்தச் சங்கடம் இல்லாமல் எழுதுகிற ஊர்ப் பெருமைக் கட்டுரைகளோடுதான் எனக்குத் தகராறு. அவற்றில் பொருள் போகும், பாலம் நிற்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டான். பழசில் ஆளை விட்டுவிட்டுப் பழகினால் புதுசிலும் விட்டுவிடுவோம். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்திலேயே வளையமாதேவி. 2023 ஜூலையில் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் கால்வாய் வேலைக்காகக் கதிர் வந்த நெல் வயலில் பொக்லைன் இறங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நிலத்தை எப்போதோ எடுத்தாயிற்று, பணம் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். விளைந்ததை அறுக்கவாவது விடக்கூடாதா என்றார்கள் விவசாயிகள். நூறு வருஷம் கழித்து வருகிற மலரில் ‘தென்னகத்துக்கே ஒளி கொடுத்த நம் மண்’ என்று ஒரு கட்டுரை வரும். அதில் அந்த நெல் இருக்குமா?

பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. 1826, 1830 ரெண்டை மட்டும் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார்.

“அப்ப ஒரு பாலம்தானா தம்பி?”

“ஒரு பாலம்தாங்க ஐயா. அதுவும் பாதி வெந்துபோச்சு.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மலரில் மெனாய் என்ற சொல்லை அடித்தார். தலைமையாசிரியர் அடித்தல், ஒரே கோடு. பிறகு, “கரி சுட்டவங்களைப் பத்தியும் ரெண்டு வரி போட்டிருக்கணும், இல்ல?” என்று கேட்டார். நான் எதுவும் சொல்லாமலே அவராகக் கேட்டது. “பேர் எங்க கிடைக்கும்?”

சிதம்பரம் பஸ் வந்துவிட்டது. முகவரி வாங்கிக்கொண்டேன். பதில் கிடைத்தால் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.