வெறுங்கால், பூட்ஸ், தேசம்: ஐ.எஃப்.ஏ. ஷீல்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் நடந்த ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில், மோகன் பாகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. முதல் கோல் வெள்ளையருடையது. ஷிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார், அபிலாஷ் கோஷ் ஆட்டத்தை முடித்துவைத்தார். மைதானத்தை எட்டிப் பார்க்க முடியாமல் நின்ற கூட்டத்துக்குக் கோல் கணக்கைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டார்களாம். பதினொரு பேரில் பத்துப் பேருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. 'வெறுங்கால் இந்தியன் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரனை ஜெயிச்சான்' என்று இன்றுவரை சொல்லப்படும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

சரி, ஜெயிச்சான். யாரு அந்த இந்தியன்? அந்த 'நாம்' என்பதற்குள் யாரெல்லாம் இருந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள் என்பதுதான் நம் கேள்வி. ஷீல்டின் வரலாறே இதற்குப் பதில் வைத்திருக்கிறது.

1893இல் தொடங்கிய ஷீல்டு, பெரும்பாலும் படைப்பிரிவுகளும் ஐரோப்பியக் கிளப்புகளும் தமக்குள் ஆடிக்கொண்ட கோப்பை. அந்த முதல் ஆண்டில் அனுமதிக்கப்பட்ட ஒரே இந்திய அணி ஷோபாபஜார் கிளப். கல்கத்தா லீக்கிலும் இதே கதைதான். முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்ற விதி 1925 வரை இருந்தது. ஆட்சியாளனின் சொல்லாடலில் வங்காளி பாபு ஆண்மையற்றவன், சோனி, பேனா பிடிக்க மட்டுமே லாயக்கு. கால்பந்து மைதானம் அந்த வசைக்குப் பதில் சொல்லும் இடமாயிற்று. ஆனால் பதில் சொல்லும்போதே, உடல் வலிமைதான் மனித மதிப்பு என்ற அவனுடைய அளவுகோலையும் பத்ரலோக் வர்க்கம் கையில் வாங்கிக்கொண்டது. அந்த ஆண்மையின் கணக்கில் பெண்ணுக்கு இடமே இல்லை.

அந்த உடல் யாருடையது? வெலிங்டன் கிளப்பில் குயவர் வீட்டுப் பையன் ஒருவனைச் சேர்க்க மேல்சாதி உறுப்பினர்கள் மறுத்ததாகவும், நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி அந்தக் கிளப்பையே கலைத்துவிட்டு ஷோபாபஜாரைத் தொடங்கியதாகவும் கல்கத்தாக் கால்பந்து வரலாறுகள் சொல்கின்றன. ஆக, வெள்ளையனை எதிர்கொள்வதற்கு முன்னாலேயே சாதியை எதிர்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. 1911இன் 'அமர பதினொருவர்' பட்டியலைப் படித்துப் பாருங்கள்: முகர்ஜி, பட்டாச்சார்யா, பாதுரி, சென்குப்தா, கோஷ், சர்க்கார்... பெரும்பாலும் பிராமண, காயஸ்த, வைத்யப் பட்டப்பெயர்கள். பூட்ஸ் போட்டிருந்த அந்த ஒருவர், சுதிர் சட்டர்ஜி, கிறிஸ்தவர். முஸ்லிம் ஒருவர்கூட இல்லை.

ஆனாலும் அந்த வெற்றியை முஸ்லிம்கள் கொண்டாடினார்கள். இந்துச் சகோதரர்களின் வெற்றியில் முஸ்லிம் விளையாட்டுக் கிளப்பினர் மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் இருந்ததை 'முசல்மான்' பத்திரிகை எழுதியது. பங்கு இல்லாத இடத்திலும் அவர்கள் பங்கெடுத்தார்கள். இதைத் திருப்பிச் செலுத்த வேண்டிய தருணம் வந்தபோது என்ன நடந்தது?

1911க்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் எந்த இந்திய அணியும் ஷீல்டை வெல்லவில்லை. 1936இல் வென்றது முகமதன் ஸ்போர்ட்டிங். 1934இல் முதல் பிரிவுக்கு ஏறிய வேகத்திலேயே லீக்கை வென்று, 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அதைத் தக்கவைத்துக்கொண்ட அணி அது. பெங்களூர், குவெட்டா என்று வெளியூர்களிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் திரட்டியது. மழையில் சேறான மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும் என்று கண்டு பூட்ஸ் போட்டுக்கொண்டது. 1940இல் டில்லியில் ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவைத் தோற்கடித்து டூராண்ட் கோப்பையையும் வாங்கியது. படை சாராத இந்திய அணி ஒன்று டூராண்டை வென்றது அதுவே முதல் முறை.

சாதனை என்று பார்த்தால் 1911ஐவிட இது ஒன்றும் குறைந்ததில்லை. ஆனால் ஏறக்குறைய முழுக்க இந்துக்களே ஆடிய அணியின் வெற்றிக்குப் பெயர் 'தேசியம்'. முழுக்க முஸ்லிம்கள் ஆடிய அணியின் வெற்றிக்குப் பெயர் 'வகுப்புவாதம்'. பெயர் சூட்டும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? வெறுங்காலைப் புனிதமாக்கிய கதையாடலுக்குள், சேற்றில் வழுக்காமலிருக்க பூட்ஸ் போட்டு ஜெயித்த முஸ்லிமுக்கு இடம் கிடைக்கவில்லை. அதே முகமதனில் ஆடிய சலீம் 1936இல் கிளாஸ்கோ போய், கட்டுப் போட்ட வெறுங்காலுடன் செல்டிக் அணிக்கு ஆடினார். அந்த வெறுங்கால் ஏன் தேசத்தின் வெறுங்காலாகவில்லை?

1946இல் கலவரத்தால் ஷீல்டே நடக்கவில்லை. அடுத்த ஆண்டு தேசமே இரண்டாயிற்று. எல்லை தாண்டி வந்த அகதிகளுக்கு, 1920இல் தொடங்கப்பட்ட கிழக்கு வங்காள அணி இழந்த ஊரின் முகவரியானது. 1975 ஷீல்டு இறுதி ஆட்டத்தில் அது மோகன் பாகானை 5-0 என்று வீழ்த்தியதை அகதிக் குடியிருப்புகள் ஏன் இன்னும் விடாமல் பேசுகின்றன? நகரம் தங்களை 'வந்தேறி' என்று பார்த்த பார்வைக்கு அந்த ஐந்து கோல்கள் பதில். 2020 ஜனவரியில், குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்த நாட்களில், இதே அணியின் ரசிகர்கள் மண்ணுக்கான விலையைக் காகிதத்தால் அல்ல, இரத்தத்தால் கொடுத்தோம் என்ற பொருளில் மைதானத்தில் பதாகை பிடித்தார்கள். கேலரி தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொண்ட தருணம் அது.

இன்னொரு தருணம் 2024 ஆகஸ்ட். கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் வல்லுறவு செய்து கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த கிழக்கு வங்காளம் - மோகன் பாகான் டூராண்ட் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். பரம எதிரிகளான ரசிகர்கள், முகமதன் ரசிகர்களும் சேர்ந்து, சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வெளியே திரண்டு நீதி கேட்டார்கள். போலீஸ் தடியைத் தூக்கியது.

இதைப் பெரிய புரட்சி என்று ஊதிப் பெருக்க வேண்டாம். மறு ஆட்டத்தில் பழையபடி ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள், திட்டட்டும். ஆனால் ஆண்மையை நிரூபிக்கவென்று கட்டப்பட்ட ஒரு மைதானத்தின் வாசலில், மூன்று அணிகளின் ஆட்களும் ஒரு பெண்ணுக்காக நின்றார்கள். 1911இன் 'நாம்' வெள்ளையனைக் காட்டித் தன்னைக் கட்டிக்கொண்டது, உள்ளே விடாதவர்களை மறைத்தது. 2024இன் 'நாம்' யாரையும் தோற்கடித்து உண்டானதில்லை, கோப்பை எதுவும் அதற்குக் கிடைக்கவும் இல்லை. வருஷா வருஷம் ஜூலை 29ஐக் கொண்டாடுகிறவர்கள் அந்த ஆகஸ்ட் 18ஐயும் நாட்காட்டியில் குறித்துவைக்கலாம்.