பஜார் ரோட்டில் இரண்டாவது கியர்

ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-ஐ எங்கே ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டால், கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோடு என்பேன். அதுவும் நண்பகல் தாண்டிய நேரத்தில், முன்னால் அரிசி லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது. பின்சீட்டில் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத நண்பன் ஒருவன், "சீக்கிரம் போடா, பிரியாணி தீர்ந்துடும்" என்று முதுகில் இடித்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

349 சிசி, 20.2 குதிரைத்திறன், 27 என்எம் டார்க். இதையெல்லாம் ஷோரூம் பையனே ஒப்பித்துவிடுவான். ஹண்டர் வந்தது 2022 ஆகஸ்டில். சில வாரங்களாக என்னிடம் இருப்பது 2025-ல் மாற்றங்களோடு வந்த மாடல். ஓட்டிப் பழகிய பிறகு எனக்குப் பிடித்துப்போன குணம் ஒன்றே ஒன்று: இதற்கு மெதுவாகப் போகத் தெரியும்.

பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்கு ஒரு வாசல் காயலைப் பார்க்கும், இன்னொன்று தெருவைப் பார்க்கும். சரக்கெல்லாம் வள்ளத்தில் வந்திறங்கிய காலத்துக்கு அந்தத் தெரு அகலம் போதும். இன்று அதே அகலத்தில் லாரி, ஆட்டோ, தள்ளுவண்டி, மூட்டை தூக்குபவர்கள், பழைய கதவைப் படமெடுக்க நடுரோட்டில் நின்றுவிடும் வெளிநாட்டுத் தம்பதி. இந்த நெரிசலின் நத்தை வேகத்தில் பல பைக்குகள் முதல் கியரில் கத்தும், இரண்டாவதில் திணறும். ஹாஃப் கிளட்ச்சிலேயே ஓட்டி இடது கை விட்டுப்போகும்.

ஹண்டரை இரண்டாவதில் போட்டுக் கிளட்ச்சை முழுக்க விட்டுவிட்டேன். பதினைந்து கிலோமீட்டர் வேகம். நாக் இல்லை, உதறல் இல்லை; இஞ்சி, மிளகாய் நெடிக்கு நடுவே கோயில் யானை மாதிரி நிதானமாகப் போகிறது. இடைவெளி கிடைத்து ஆக்ஸிலரேட்டரைத் திருகினால், கியரைக் குறைக்காமலே இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறது. 72 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்கு 85.8 மி.மீ. ஸ்ட்ரோக் இருப்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைத்துவிடுகிறது. ராயல் என்ஃபீல்டின் பழைய 346 சிசி இன்ஜினில் ஸ்ட்ரோக் 90 மி.மீ.; இழுவையோடு நடுக்கமும் சேர்ந்தே வந்தது. அந்த நடுக்கத்துக்காகவே காதலித்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. இப்போது அதைப் பெருமளவு உள்ளே இருக்கும் பேலன்சர் ஷாஃப்ட் விழுங்கிவிடுகிறது. 2025-ல் சேர்த்த ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச்சை இரண்டு விரலால் பிடிக்கலாம். நம்ம சென்னைக் கம்பெனி வண்டி என்ற பாசத்தில் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை.

வரும்போது வைப்பினிலிருந்து, வண்டிகளையும் ஏற்றிக்கொள்ளும் ரோ-ரோ படகில் காயலைக் கடந்தோம். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டி, 2018-ல் விட்ட படகுச் சேவை அது. தோப்பும்படி சுற்றும் மிச்சம், தலைக்குக் கொஞ்சம் காற்றும் லாபம். ஈரமான இரும்புச் சரிவில் கார்களுக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக ஏறும்போதுதான் இந்த இழுவையின் அருமை முதலில் தெரிந்தது. என்ன, வண்டி 181 கிலோ. ஹோட்டல் வாசலில் இடம் பார்த்துத் தள்ளி நிறுத்தும்போது நண்பனின் தொண்ணூறு கிலோவுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

ஒரு ஆதங்கம், எல்லா பைக் கம்பெனிகளின் மீதும். கேரளத்தில் பின்சீட்டுக்காரருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2023-லிருந்து ஏஐ கேமரா வேறு கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறது. ஆக, சாப்பிடப் போகும் இரண்டு பேரிடம் இரண்டு ஹெல்மெட். எங்கே வைப்பது? கண்ணாடியில் மாட்டினால் கண்ணாடி திரும்பிக்கொள்கிறது, டேங்கில் வைத்தால் உருள்கிறது. புளூடூத் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒழுங்காக இரண்டு கொக்கி கொடுக்கத் தோன்றவில்லை. கடைசியில் நான்கு பேர் மேசையில் நாங்கள் இருவர், எங்கள் ஹெல்மெட்கள் இருவர். காயீஸ் ரஹ்மத்துல்லா ஹோட்டலின் மதியக் கூட்டத்தில் அது மன்னிக்க முடியாத குற்றம். காத்து நின்ற பெரியவர் ஒருவர் ஹெல்மெட்டைத் தூக்கி நண்பன் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

1948 முதல் இருக்கும் கடை. குட்டி குட்டியாகக் கைமா அரிசி, அடியில் மட்டன், பக்கத்தில் பேரீச்சம்பழ ஊறுகாய். எங்கள் ஊர் சீரகச் சம்பாவைவிட உசத்தியா என்ற சண்டையை நண்பன் ஆரம்பித்தான். வாய் நிறைய இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டிப் பறக்க ஆசைப்படுபவர்களுக்கு இது ஆகாது. ஊருக்குள் ஓட்ட, விடுமுறை நாளில் பக்கத்து ஊருக்குச் சாப்பிடப் போக நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரையான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதைத் தாண்டினால் 40; இந்த வண்டி எல்லைக்கு ஒரு சிசி இந்தப் பக்கம் நிற்கிறது. செகண்ட் ஹேண்டில் பார்ப்பவர்கள் வருடத்தைக் கவனியுங்கள். முதலில் வந்த மாடல்களின் பின்பக்க சஸ்பென்ஷன் விறைப்பு என்று விமர்சனம் எழுந்து, 2025-ல்தான் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். பழையதை ஓட்டிப் பார்க்கும்போது கனமான ஆள் ஒருவரைப் பின்னால் ஏற்றி, குண்டும் குழியுமான தெருவில் ஒரு ரவுண்டு போய் வந்து, அப்புறம் விலை பேசுங்கள்.